விளக்கு எரிகிறது, மற்றது தெரியாது

வால்டிவியா பேருந்து நிலையத்தில்
ஏழாம் நடைமேடைக்கு எதிரே என் கடை.
நகல், அச்சு, ஸ்கேன்.
மூன்று நாளாக விடாத மழை.

பழைய சிஸ்டத்தின் ஆயுள் முடிகிறதென்று
தினம் காலையில் நீலத்திரையில் ஓர் எச்சரிக்கை.
புதியதை ஏற்க என் கணினிக்கு
லாயக்கில்லையாம்.
என்னைச் சொன்னது போல
கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.
ஞாயிறு இரவு
பென்டிரைவில் லினக்ஸை ஏற்றிக்கொண்டு
ஷட்டரை உள்ளிருந்து இறக்கினேன்.

முதலில் போனது வைஃபை.
அதன் டிரைவர் இணையத்தில் இருக்கிறது.
இணையத்துக்குப் போக
அந்த டிரைவர் வேண்டும்.
வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு
வாசலில் நனைகிறவள் ஆனேன்.

கைபேசியை வயரால் கட்டி
சொட்டுச் சொட்டாக இணையம் புகட்டியதில்
நள்ளிரவு தாண்டி
நான்கு கோடுகளும் எழுந்து நின்றன.
அதற்குள்ளும் ஒரு கோப்பு,
யாரும் திறக்கக் கூடாததாம்,
சிப் செய்த கம்பெனி தைத்துக் கொடுத்த மூட்டை.
சுதந்திரத்தின் நடுவில் ஒரு பூட்டு.
கோபப்பட்டிருக்க வேண்டும்.
தூக்கம்தான் வந்தது.

பிரின்டர் மட்டும்
கறுப்பு எழுத்தையெல்லாம்
ரோஜா நிறத்தில் துப்பியது.

திங்கள், ஏழு இருபது.
எரிபெர்த்தோ கத்ரிலெஃப்
தொப்பியிலிருந்து நீர் வடிய வந்து
பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்த மருத்துவச் சான்றை
மேசைமேல் வைத்தார்.
ஏழு நாற்பது வண்டிக்குள்
ஓசோர்னோ ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும்.
போன வருடம் கடன் வாங்கி வாங்கிய ஸ்கேனர்
பளபளவென்று சும்மா இருந்தது.
"டிரைவர் இல்லை" என்றேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தார்.
"இருக்கிறாரே. அதோ,
காபி குடிக்கிறார்."

சிரிக்க நேரமில்லை.
மூலையில் காகிதக் கட்டுகளைச் சுமந்தபடி
பழைய ஸ்கேனர் கிடந்தது.
செய்த கம்பெனி இன்று இல்லை;
முந்தைய சிஸ்டம் அதை
நான்கு வருடம் முன்பே கைகழுவிவிட்டது.
வேறு வழியில்லாமல்தான் செருகினேன்.

மீன்சந்தைப் படித்துறையில்
தூக்கம் கலையும் கடற்சிங்கம் போல
ஒரு முனகல்.
பிறகு மூடியின் இடுக்கில்
வெள்ளை வெளிச்சம் நடக்கத் தொடங்கியது.
யாரும் அதனிடம் எதுவும் கேட்கவில்லை.
சீரியல் எண்ணில்லை, சம்மதமில்லை.
சான்று திரையில் விழுந்தது,
முத்திரையும் மடிப்பும் காபிக் கறையும் உட்பட.

வண்டி போனது. அவரும்.
நூறு பெசோ மீதி என்னிடம்.

மழைக்கு ஆள் வராத மத்தியானம்
இது எப்படி என்று தோண்டினேன்.
திறந்தே கிடந்தது அந்த டிரைவரின் மூல நிரல்.
எனக்கு ஒரு வரியும் புரியவில்லை.
நடுவே மட்டும் மனிதக் குரலில் ஒரு குறிப்பு:
ப்ர்னோ நகரத்திலிருந்து ரதோவான்,
பதினைந்து குளிர்காலம் முன்பு.
கம்பெனியிடம் கேட்டேன், பதிலில்லை.
வயரில் ஓடுவதை ஒட்டுக்கேட்டு எழுதினேன்.
என்னிடம் இருப்பது ஒரே ஓர் இயந்திரம்.
விளக்கு எரிகிறது, மற்றது தெரியாது.
உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

யாரோ ஒருவன்
தன் ஒற்றை இயந்திரத்தின் முன் குந்தி
எத்தனை இரவு
அதன் பாஷையைக் காதில் வாங்கியிருப்பான்.
என் பெயரோ
இந்த ஊரின் பெயரோ
அவன் கேள்விப்பட்டிருக்க மாட்டான்.

அந்த முகவரி உயிரோடிருக்கிறதா, தெரியாது.
எழுதினேன்:
தலை நகர்கிறது. வண்ணம் சரி.
இடது ஓரம் ஒரு விரல் அகலம் கறுப்பு விழுகிறது.
முன்பக்கப் பொத்தான் வேலை செய்யவில்லை,
ஆனால் அது எப்போதுமே செய்ததில்லை.
சோதித்த இடம் வால்டிவியா, சிலே.
ஈரப்பதம் அதிகம்.

பதில் வரவில்லை இன்னும்.
புது ஸ்கேனரை
காகிதக் கட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்,
அதற்கும் ஒரு ரதோவான் வரும்வரை.

அச்சு இப்போதும் ரோஜா நிறம்தான்.
கேட்கிறவர்களிடம்
இந்த வாரம் மட்டும் வண்ணம் இலவசம் என்கிறேன்.